ஒலிம்பிக் பவனுக்கு ஒரு கபடிச் செயலாளரின் விண்ணப்பம்

அனுப்புநர்: செயலாளர் (எங்கள் தரப்புக் கணக்குப்படி), ஒரு கபடிக் குழு, திண்டுக்கல் பக்கம்.

பெறுநர்: இந்திய ஒலிம்பிக் சங்கம், ஒலிம்பிக் பவன், புது தில்லி.

பொருள்: சண்டை போட்டுக்கொண்டே சங்கம் நடத்துவது தொடர்பாக வழிகாட்டுதல் வேண்டி.

பார்வை: தாங்கள் எங்களுக்கு எழுதிய கடிதம் எதுவுமில்லை. தாங்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள், பத்திரிகை வாயிலாக.

மதிப்புக்குரிய தலைவர் பி.டி. உஷா அம்மா அவர்களுக்கும், அவரை ஏற்கின்ற, ஏற்காத செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குழு 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி முறையாகப் பதிவு செய்யப்பட்டது. சொத்து விவரம்: தொடக்கப் பள்ளிக்குப் பின்னால் ஒரு களம் (புறம்போக்கு), ஒரு மைக் செட், இரண்டு செட் பனியன், ஒரு சுழற்கோப்பை. கோப்பை சுழல்வதை நிறுத்தி வெகு காலமாகிறது. தலைவர் வீட்டு டி.வி. மேல் நிற்கிறது. போன பொங்கல் போட்டி நோட்டீஸில் யார் பெயர் முதல் வரியில் வருவது என்ற சிறு பேச்சில் குழு இரண்டாகப் பிரிந்தது. பதினோரு பேரில் நாங்கள் ஏழு, அவர்கள் நாலு. அவர் தலைவரே இல்லை என்று நாங்கள் தீர்மானம் போட்டோம். நாங்கள் கமிட்டியே இல்லை என்று அவர் போட்டார். மினிட் நோட்டு ஒன்றுதான் இருப்பதால் நாங்கள் முன்பக்கத்திலிருந்தும் அவர்கள் பின்பக்கத்திலிருந்தும் எழுதி வருகிறோம். நடுவில் இன்னும் பதினாலு பக்கம் காலி.

இந்த இக்கட்டில் யாரைக் கேட்பது என்று யோசித்தபோதுதான் தங்கள் நினைவு வந்தது. நாங்கள் ஆறு மாதமாகத் தட்டுத்தடுமாறிச் செய்வதைத் தாங்கள் பல ஆண்டுகளாகக் கைதேர்ந்து செய்து வருகிறீர்கள்.

முதலில் 2012ஐச் சொல்ல வேண்டும். டிசம்பர் 4ஆம் தேதி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தங்களை இடைநீக்கம் செய்தது. எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் என்றால் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தாங்கள் மறுநாளே, 5ஆம் தேதி, எந்தத் தேர்தலை வைத்து வம்பு வந்ததோ அதையே நடத்தி முடித்தீர்கள். அபய் சிங் சௌதாலா போட்டியின்றித் தலைவர். காமன்வெல்த் போட்டி வழக்கில் பதினோரு மாதம் சிறையிலிருந்து ஜாமீனில் வந்திருந்த லலித் பனோட் போட்டியின்றிப் பொதுச் செயலாளர். (அந்தப் போட்டி தொடர்பான பண மோசடி வழக்கை முடித்துக்கொள்வதாக அமலாக்கத் துறை சொன்னதை 2025இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.) வீடு பற்றி எரியும்போது கிரகப்பிரவேசம் நடத்திய அந்த நெஞ்சுரத்தை எங்கள் பொருளாளர் இன்றும் சிலாகிப்பார்.

அதன் பலன் 2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சியில் தெரிந்தது. குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் ஆட்கள் மூன்று பேர் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். அவர்களில் சிவ கேசவனுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக். லூஜ் என்று ஒரு விளையாட்டு. பனிப்பாதையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வழுக்கி இறங்க வேண்டும். அவருடைய பந்தயம் 8, 9 தேதிகளில் நடந்தது. தில்லியில் தாங்கள் புதுத் தேர்தல் நடத்திச் சென்னைக்காரர் என். ராமச்சந்திரனைத் தலைவராக்கியதும் அதே 9ஆம் தேதி. தடை நீங்கியது 11ஆம் தேதி. பதினாலு மாதம் கையில் இருந்தும், அந்த மனிதர் நாடற்றவராக வழுக்கி இறங்கி முடித்த பிறகுதான் கொடி வந்து சேர்ந்தது.

சென்னை என்றதும் இன்னொன்று. 2016 டிசம்பர் கடைசியில் தங்கள் பொதுக்குழு எங்கள் தலைநகரில்தான் கூடியது. தங்கள் முன்னாள் தலைவர்கள் சுரேஷ் கல்மாடியையும் அபய் சௌதாலாவையும் ஆயுள்காலத் தலைவர்களாக்கித் தீர்மானம் போட்டீர்கள். சில நாளிலேயே விளையாட்டு அமைச்சகம் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தது. ஜனவரியில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றீர்கள். ‘ஆயுள்காலம்’ என்பது ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. எங்கள் முன்னாள் தலைவருக்கும் அப்படி ஒரு பட்டம் கொடுத்துச் சமாதானப்படுத்தலாமா என்று யோசித்தோம். அவர் ‘நான் முன்னாள் இல்லை’ என்று சொல்லிவிட்டார்.

அடுத்த தலைவர் நரிந்தர் பத்ரா காலத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறேன். 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அவரை நிறுத்தியது. பிறகு நிர்வாகக் கமிட்டி, உச்ச நீதிமன்றம், சர்வதேச கமிட்டி இருக்கும் லோசானிலிருந்து கடைசி எச்சரிக்கை. ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி நாகேஸ்வர ராவ் வந்து தங்களுக்குப் புதுச் சட்டதிட்டம் எழுதிக் கொடுத்தார். எங்களுக்கும் ஒரு நீதிபதி கிடைத்தால் நன்றாக இருக்கும். இப்போதைக்குக் கிராம நிர்வாக அலுவலர் மட்டும் வந்து போகிறார். அவரும் புறம்போக்கைப் பற்றி மட்டுமே கேட்கிறார்.

2022 டிசம்பர் 10ஆம் தேதி தலைவர் அம்மா, தாங்கள் வந்தீர்கள். முதல் பெண் தலைவர், அதுவும் போட்டியின்றி. அன்று எங்கள் டீக்கடையில் எல்லோருக்கும் என் கணக்கில் டீ. ஏனென்றால் 1984 ஆகஸ்ட் எனக்கு மறக்கவில்லை. நான் அப்போது எட்டாம் வகுப்பு. லாஸ் ஏஞ்சலிஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தாங்கள் 55.42 வினாடி. மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் போயிற்று என்று எங்கள் பி.டி. வாத்தியார் சொன்னார். அது எவ்வளவு நேரம் சார் என்று கேட்டோம். அவர் ஸ்டாப்வாட்சை எடுத்து அழுத்தி உடனே நிறுத்தி, மறுபடி அழுத்தி மறுபடி நிறுத்தி, நாலைந்து தரம் காட்டப் பார்த்தார். அந்த முள்ளுக்கு அவ்வளவு சின்னதாக நகரவே தெரியவில்லை. கடைசியில் வாட்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ‘போங்கடா, போய் ஓடுங்க’ என்றார்.

அதனால்தான் ஒரு சந்தேகம். 2024 ஜனவரி முதல் வாரத்தில் ரகுராம் ஐயர் என்பவரைத் தலைமைச் செயல் அலுவலராகத் தாங்கள் நியமித்தீர்கள். ஐ.பி.எல். அணியை நடத்தியவர். மாதச் சம்பளம் இருபது லட்சம் என்று பத்திரிகையில் படித்தோம். (எங்கள் குழுவின் மொத்த வைப்புத்தொகை பதினேழாயிரத்து நானூறு. அதையும் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், இரண்டும் பேசிக்கொள்வதில்லை.) செயற்குழுவில் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அந்த நியமனத்துக்கு ஒப்புதல் கிடைத்த நாள் 2025 ஜூலை 24. எங்கள் பொருளாளர் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். இந்த இடைவெளியைத் தங்களுக்குப் பழக்கமான அளவில், நூறில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் மாற்றித் தரச் சொன்னோம். நானூற்று எண்பது கோடியைத் தாண்டுகிறது என்றான்.

நடுவில் பாரிஸ் ஒலிம்பிக்கும் வந்து போனது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் நூறு கிராம் எடை கூடியதால் இறுதிச் சுற்றுக்கு முன் தகுதி இழந்தார். எடையைப் பார்த்துக்கொள்வது வீராங்கனைக்கும் பயிற்சியாளருக்கும் உள்ள பொறுப்பு என்று சங்கத்தின் சார்பில் விளக்கம் வந்தது. விதி அப்படித்தான், மறுக்கவில்லை. ஆடுகிறவர்களுக்கு ஒரு தராசு, ஆட்டுவிக்கிறவர்களுக்கு ஒரு தராசு என்று எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர்கூட வைத்ததில்லை என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவரிடம் இருப்பது ஒரே தராசு. எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைவாக நிறுக்கும்.

இந்தச் சண்டையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்று உண்டு. முப்பது வருடமாக டீக்கடையில் நாங்கள் அடித்துப் பேசிய வாதம்: அரசியல்வாதியும் பணக்காரனும் போய் ஆடினவர்கள் நிர்வாகத்துக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும். தங்கள் செயற்குழுவில் ஆடினவர்களுக்கா பஞ்சம் இருந்தது? ககன் நாரங், யோகேஷ்வர் தத், மேரி கோம், மூவரும் 2012 லண்டனில் பதக்கம் வாங்கியவர்கள். எங்கள் சென்னைப் பையன் சரத் கமலும் இருந்தார். தலைவர் தாங்கள். அதற்குப் பிறகும் இப்படி என்றால் இனி நாங்கள் டீக்கடையில் எதைப் பேசுவது? புது வாதம் ஒன்று தோன்றும்வரை வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாடம் என்று எடுத்துக்கொண்டால் 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத்தான் நாங்கள் வரி வரியாகப் படித்து வருகிறோம். செப்டம்பர் 26ஆம் தேதி செயற்குழு. லோசான் அதிகாரி வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே கூச்சல். எங்கள் சண்டையையும் வெளியாள் பார்க்கட்டும் என்று மைக் செட்டைப் போட்டு வைத்தோம். பக்கத்து ஊர் வரை கேட்டது. தாங்கள் சில உறுப்பினர்களிடம் உங்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பினீர்கள். அவர்கள் தங்களைச் சர்வாதிகாரி என்று லோசானுக்கு எழுதினார்கள். ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் இருபத்து நாலு கோடி நஷ்டம் என்று தணிக்கையில் ஒரு பேச்சு எழுந்தது, தாங்கள் மறுத்தீர்கள். இணைச் செயலாளர் கல்யாண் சௌபே, நான்தான் பொறுப்புத் தலைமைச் செயல் அலுவலர் என்று சொல்லி, தங்கள் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையும் சேர்த்து அக்டோபர் 25 கூட்டத்துக்குப் பொருள்நிரல் அனுப்பினார். அது செல்லாது என்றீர்கள் தாங்கள். கூட்டம் நடக்கவேயில்லை. ஒரு சங்கம், இரண்டு அலுவலர், ஒரு பொருள்நிரல், பூஜ்யம் கூட்டம். எங்கள் மினிட் நோட்டு இதற்கு முன் குழந்தை விளையாட்டு.

அதே அக்டோபர் முதல் தேதிதான் 2036 ஒலிம்பிக்கை இந்தியாவில் நடத்த ஆசைப்படுகிறோம் என்று லோசானுக்குத் தாங்கள் கடிதம் கொடுத்தீர்கள். அதே அக்டோபரில்தான், உள்சண்டை தீரும்வரை ஒலிம்பிக் ஒருமைப்பாட்டு நிதியை நிறுத்துகிறோம் என்று லோசான் தங்களுக்குக் கடிதம் கொடுத்தது. பெண் கேட்டுப் போன வாரமே பெண் வீட்டார் கடனை வசூலிக்க வந்தது போல. அந்தக் கடிதத்தில் ஒரு விலக்கு இருந்தது: வீரர்களுக்கு நேரடியாகப் போகும் உதவித்தொகை மட்டும் தொடரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரனுக்கு, யாரை நம்பலாம் யாரை நம்பக்கூடாது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறதே என்று எங்களுக்கு வியப்பு.

பிறகு எப்படிச் சமாதானம் ஆனது என்பதையும் கவனித்தோம். 2025 ஜூலை 23ஆம் தேதி விளையாட்டு நிர்வாக மசோதா மக்களவைக்கு வந்தது. தேசிய வாரியம், தீர்ப்பாயம் எல்லாம் அதில் உண்டு. மறுநாள் 24ஆம் தேதி தங்கள் செயற்குழு கூடியது, ஒன்றரை வருடம் ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டது. வராந்தாவில் தலைமை ஆசிரியர் செருப்புச் சத்தம் கேட்டால் வகுப்பு அடங்குவது எனக்குத் தெரிந்ததுதான். அது இவ்வளவு பெரியவர்களுக்கும் பொருந்தும் என்று தெரியாது. ஆகஸ்டில் மசோதா சட்டமும் ஆயிற்று. எழுபதிலிருந்து எழுபத்தைந்து வயதுவரை உள்ளவர்களும் சர்வதேச விதி இடம் கொடுத்தால் போட்டியிடலாம் என்று படித்ததும் எங்கள் எதிர்த்தரப்புத் தலைவர் (வயது 71) ஊரெல்லாம் லட்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. சாப்பிட்டேன், அதை ஆதரவாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

இனி எங்கள் கோரிக்கைகள். நியமனம் செய்துவிட்டு ஒப்புதல் கேட்பதா, ஒப்புதல் கேட்டுவிட்டு நியமிப்பதா, தங்கள் அனுபவத்தில் எதில் அதிக நாள் ஓடும்? நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கூட்டமே நடத்தாமல் நிலுவையில் வைக்க எந்த விதி வசதி? 2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது, சந்தோஷம். அதற்கான நோட்டீஸில் யார் பெயர் முதல் வரி என்று முடிவு செய்துவிட்டீர்களா? அந்த முறையை எங்களுக்கு எழுதினால் வரும் பொங்கலுக்கு உபயோகமாக இருக்கும். எங்கள் பையன்கள் தினமும் சாயங்காலம் வந்து நிற்கிறார்கள். களத்துக் கோடு அழிந்திருக்கிறது. சுண்ணாம்பு வாங்க இருநூறு ரூபாய் வேண்டும். அதற்குத்தான் இரண்டு கையெழுத்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.

நகல்: லோசான் (எதற்கும் இருக்கட்டும்).

பி.கு.: இதே பொருளில் இன்னொரு கடிதமும் தங்களுக்கு வரலாம். அதைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். எங்கள் கடிதத்தில் குழு முத்திரை இல்லையே என்று சந்தேகப்படவும் வேண்டாம். முத்திரை அவர்களிடம் இருக்கிறது. ஸ்டாம்ப் பேட் எங்களிடம் இருக்கிறது.