கரகரப்பிரியன்

உலகத்தில் ஒவ்வொரு வானொலியாகச் சிற்றலையை மூடிக்கொண்டு போகிறது. நெதர்லாந்துக்காரர்களும் கனடாக்காரர்களும் 2012-லேயே கடையைக் கட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. அதே வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி பிபிசி தமிழோசையும் சிற்றலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டது. இத்தனையும் தெரிந்துகொண்டேதான் நான் பழைய சிற்றலை டிரான்சிஸ்டர்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நிலையங்கள் குறையக் குறைய என் பெட்டிகள் கூடுகின்றன. இதே வேகத்தில் போனால் நிலையத்துக்கு நாலு ரேடியோ என்ற கணக்கில் வந்து நிற்கும் என்கிறாள் என் மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், தப்பாகச் சொல்லமாட்டாள்.

பழைய சாமான் சந்தையில் ரேடியோ வாங்க ஒரு சாமர்த்தியம் வேண்டும். நேரே ரேடியோவைப் பார்க்கக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் விலை ஏறிவிடும். முதலில் ஒரு மிக்ஸி மோட்டாரைக் கையிலெடுத்து விலை கேட்க வேண்டும். அடுத்து ஒரு துருப்பிடித்த ஸ்பானர். பிறகு, போகிற போக்கில், “இது என்னப்பா இது?” என்று ரேடியோவைக் காட்ட வேண்டும். இந்த வித்தையை நான் ஒருநாள் பிசகாமல் செய்து முடித்தேன். கடைக்காரர் பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார்: “போன வாரமும் இதே மிக்ஸி மோட்டாரைத்தான் சார் கேட்டீங்க. ரேடியோ எண்ணூறு ரூபா.”

வேலை செய்யுமா என்று கேட்டால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே உத்தரவாதம்தான்: “கட்டை போட்டா பாடும் சார்.” உள்ளே ஸ்பீக்கரே இல்லாத ஒரு பெட்டிக்கும் அதே உத்தரவாதத்தைத் தந்தார். இன்னொன்றை “வெள்ளைக்காரன் காலத்துப் பீஸு” என்று நீட்டினார். அதில் எஃப்.எம். பட்டன் இருந்தது. வெள்ளைக்காரன் கப்பலேறி முப்பது வருஷம் கழித்து, 1977-ல்தான் சென்னைக்கே எஃப்.எம். வந்தது. சொன்னேன். “அப்ப வெள்ளைக்காரன் வெச்சிருந்ததுன்னு வெச்சுக்குங்க” என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பின்மூடியைத் திறந்தால் முதல் தரிசனம் பேட்டரி. கடைசியாகப் பாட்டுக் கேட்ட மகானுபாவர் கட்டையைக் கழற்றாமலே பரணில் ஏற்றியிருப்பார். துத்தநாகக் கூடு அரித்து, உள்ளே இருந்த ரசாயனம் வடிந்து, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்திருக்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். எங்கள் வீட்டில் ஆப்ப சோடா வாங்கிய மறுநாளே தீர்ந்துபோவது எப்படி என்பது சில காலம் புரியாத புதிராகவே இருந்தது, எனக்கல்ல.

அடுத்து எலெக்ட்ரோலிட்டிக் கன்டென்ஸர்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே காய்ந்துவிடும், மாற்றத்தான் வேண்டும். அவை சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான் கிடைக்காது. கவுன்டரில் இருந்த பையனிடம், “தம்பி, ஏ.சி. 128 இருக்கா?” என்று கேட்டேன். “ஏ.சி. சர்வீஸா? அடுத்த தெரு சார்” என்று அன்போடு வழிகாட்டினான். உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். சொந்த ஊர்க்காரனைப் பம்பாயில் பார்த்துவிட்ட சந்தோஷம் அதில் இருந்தது.

1960-களின் செட்டுகள் பலவற்றில் ஏ.எஃப். 117 என்று ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. சின்ன உலோகக் குப்பி, நாலு கால். வயசானால் மனுஷனுக்குக் காதில் முடி முளைக்கிற மாதிரி, இந்தக் குப்பியின் உட்சுவரில் வெள்ளீய இழைகள் முளைக்கும். மயிரைவிட மெல்லிசு. வளர்ந்துபோய் நடுவில் இருக்கும் பாகத்தைத் தொட்டால் ஷார்ட், செட் ஊமை. இதற்குப் புது டிரான்சிஸ்டர் தேடி அலைய வேண்டியதில்லை. நாலு காலில் ஒன்று வெறும் ஷீல்டு, குப்பியைக் கிரவுண்டோடு சேர்ப்பது. அந்த ஒரு காலைக் கத்தரித்துவிட்டால் பெரும்பாலும் செட் எழுந்து உட்கார்ந்துவிடும். காலை வெட்டினால் நடக்க ஆரம்பிக்கும் நோயாளி இது ஒன்றுதான்.

அப்படி ஒன்றை வெட்டி, வால்யூமைத் திருகியதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் ரிப்பேர் ஆகலையா?”

“ஆயிடுச்சு.”

“அப்புறம் ஏன் இப்படிக் கத்துது?”

நிலையம் சிக்காத இடத்தில் இரைகிற செட்டுத்தான் உயிருள்ள செட்டு என்று விளக்கினேன். இந்த விளக்கத்தை அவள் வேறு ஏதோ ஒரு விஷயத்தோடு பொருத்திப் பார்க்கிறாள் என்று அவள் பார்வையிலேயே தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இதையெல்லாம் விடச் சோதனை, டயல் நூல். டியூனிங் குமிழைத் திருகினால் முள் நகர்கிறதே, அது ஒரு நூலின் உபயம். கேங் கன்டென்ஸரின் சக்கரத்தைச் சுற்றி, சின்னக் கப்பிகளில் ஏறி இறங்கி, குமிழின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒரு குட்டி ஸ்பிரிங்கில் போய் முடியும். சுற்று திசை மாறினால் குமிழ் வலப்பக்கம் போகும், முள் இடப்பக்கம் போகும். மூன்று கை உள்ளவனுக்காகச் செய்த ஏற்பாடு. எனக்கு இரண்டுதான் என்பதால், மனைவியின் ஆள்காட்டி விரலைக் கடன் வாங்கினேன். “இந்தச் சுற்றை அமுக்கிப் பிடி, அசையாதே.” “அடுப்புல பால் இருக்குங்க.” “ஒரே ஒரு சுற்றுதான்.” பால் பொங்கி வழிந்தது. “நல்ல சகுனம்” என்றேன். விரலை எடுத்துவிட்டாள். ஸ்பிரிங் ஜன்னல் வழியாக எங்கோ போனது.

சில செட்டுகளின் தோலுறையில் பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைக்கும். 1933-ஆம் வருஷச் சட்டப்படி ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபாலாபீசில் கட்டணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். பாட்டுக் கேட்பவனுக்குத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு நிகரான மரியாதை! 80-களின் நடுவில் இதை எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் என் பென்ஷனை ஒரு கவுன்டரில் வாங்கி அடுத்த கவுன்டரில் கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்திருப்பேன்.

அத்தனை கெடுபிடியிலும் ஜனங்கள் ஏன் சிற்றலை செட்டு வாங்கினார்கள் என்றால், பாதிப் புண்ணியம் ஒரு மந்திரியைச் சேரும். 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஓரங்கட்டினார். நாடே முள்ளைத் திருப்பி இலங்கைக்கு வைத்தது. உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய ஒலிபரப்பின் சக்திவாய்ந்த சிற்றலைக் கருவி, கொழும்புக்குப் பக்கத்தில் ஏக்கலவில், அப்போது இலங்கை வானொலியின் கையில் இருந்தது. இங்கே கதவைச் சாத்தினால் அங்கே திறந்தது. 1957 அக்டோபரில் ஆல் இந்தியா ரேடியோவிலேயே சினிமாப் பாட்டோடு விவித் பாரதி வந்தபிறகும் நம்மூர்க்காரர்கள் இலங்கை அறிவிப்பாளர்களான மயில்வாகனனையும் பின்னாளில் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் விடவில்லை. மந்திரி மட்டும் சினிமா ரசிகராக இருந்திருந்தால் என் அலமாரியில் பாதி காலியாக இருக்கும்.

ரேடியோவைச் சரிசெய்துவிடலாம், தெருவைச் சரிசெய்ய முடிவதில்லை. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து சிற்றலையில் ஒரே கச்சேரி. ஆகவே, கரண்ட் போனால் தெருவே மின்வாரியத்தைத் திட்டும்போது, நான் மட்டும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். ராத்திரியில் 31 மீட்டரும் 41 மீட்டரும் நன்றாக எடுக்கும். கீழ்வீட்டு இன்வெர்ட்டர் உயிர்பெறும் வரைக்கும் நான் ராஜா. அப்படி ஒருநாள் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மாடியிலிருந்து குரல் வந்தது: “சார், கரண்ட் எப்ப வரும்னு சொல்றாங்களா?” நான் கேட்டுக்கொண்டிருந்தது சீன வானொலி. “இன்னும் சொல்லல” என்றேன்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரான்சிஸ்டர் ஏதாவது கிடந்தால், தயவுசெய்து இன்றைக்கே இறக்கி, கட்டையைக் கழற்றிவிடுங்கள். உள்ளே சின்னத் தகரக் கூடுகளின் தலையில் கறுப்பாக ஒரு திருகு தெரியும். 455 கிலோஹெர்ட்ஸுக்கு அளந்து வைத்தது, ஸ்க்ரூடிரைவரை அங்கே கொண்டுபோகாதீர்கள். இடத்தை அடைக்கிறது என்று தோன்றினால் எடைக்குப் போட்டுவிடாமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுக்குள் கொண்டுவந்தால் நல்லது. அவள் கோயிலுக்குப் போகிற நேரம்.