எஸ்டீம்காரர்

எங்கள் பக்கத்தில் நின்ற வண்டிக்கு மரியாதை கிடையாது. நாமக்கல்லில் கேஸ் டேங்கர், சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி என்று வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஓடினால்தான் டியூ கட்ட முடியும். ஒரு லாரி பட்டறையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல நின்றால், ஓனர் மெக்கானிக்குக்கு எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்ட ஊரில் மாசக்கணக்காகப் பட்டறையில் கிடக்கும் காரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற மனிதரைக் கண்டால், சனம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசும்.

அவர்தான் எஸ்டீம்காரர். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இவரைப் போலச் சிலர் இருக்கிறார்கள். ஒருவரிடம் எஸ்டீம் இருக்கும், இன்னொருவரிடம் பழைய ஹோண்டா சிட்டி வி-டெக், வேறொருவரிடம் ஃபியட் பாலியோ. காரைத்தான் மாற்றிச் சொல்ல வேண்டும், ஆள் அதே ஆள்தான்.

வயது நாற்பதைத் தொட்டிருக்கும். அப்பா லாரி விட்டவர். இவர் கோழித் தீவனக் கடை வைத்திருக்கிறார். வீட்டு உபயோகத்துக்கு நல்ல புதுக் கார் ஒன்று உண்டு. காலையில் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அதனால் அதைப் பற்றி இவர் வாயே திறப்பதில்லை.

மாருதி எஸ்டீம் 1994-ல் வந்து 2007-ல் நின்றுபோன கார். அந்தக் காலத்தில் டாக்டர்களும் மில் முதலாளிகளும் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போனது. அதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நமக்குச் சிரிப்பு வரும், அவருக்குக் கோபம் வரும். “1,298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். மொத்த வண்டியும் ஒரு டன் வராதுங்க” என்று விரல் விட்டு எண்ணுவார். நம் நாட்டு ரேஸ்களில் எஸ்டீம் வருஷக்கணக்கில் ஓடியது உண்மைதான். ஆனால் அந்த எஸ்டீம்களை ஓட்டியவர்கள் அவற்றை விற்றுவிட்டு எப்போதோ வேறு காருக்குப் போய்விட்டார்கள் என்பதை இவரிடம் யார் சொல்வது?

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிக் காட்டிய கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் அமைந்த தடம். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். ட்ராக் டே என்று ஒரு நாள் வைப்பார்கள். பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, சொந்தக் காரிலேயே சுற்றி வரலாம். போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. இதை லாரி விட்ட அப்பாவுக்கு விளக்கிய அன்று நடந்த பேச்சு ஊர் முழுக்கத் தெரியும்.

“ஜெயிச்சவன் யாரு?”

“ஜெயிக்கிறதெல்லாம் இல்லப்பா. நம்ம டைம நாமளே பாத்துக்கறது.”

“டைம் பாக்க ஊட்ல கடியாரம் இல்லியா? லோடும் இல்ல, வாடகையும் இல்ல. கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கறதுக்குப் பெட்ரோலு வேற.”

கிளம்புகிற காட்சி தனி. விடியுமுன்பே டிக்கியில் சாமான் ஏறும்: ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, கூலன்ட் கேன், பிரேக் ஆயில், ஹோஸ் பைப்பு, கிளிப்பு, கட்டுக் கம்பி, நான்கு பழைய டயர். “ஏனுங்க, இத்தன சாமானத் தூக்கிட்டுப் போறதுக்கு, ஓடற வண்டிய எடுத்துட்டுப் போலாமுல்ல?” என்பார் மனைவி. பதில் வராது. வைகுந்தம் டோல், விஜயமங்கலம் டோல் என்று தாண்டி, தடத்தில் மூன்று சுற்று நன்றாக ஓடும். நாலாவது சுற்றில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. பைபாஸில் எண்பதில் போகும்போது எஞ்சினுக்கு வேலை குறைவு, காற்று நிறைய. தடத்தில் ஆறாயிரம் சுற்றுக்கு முறுக்கி, பிரேக் அடித்து, திரும்பவும் முறுக்க வேண்டும். சூட்டைக் கொண்டுபோய் வெளியே தள்ள வேண்டியது ரேடியேட்டர். அந்த ரேடியேட்டருக்குள் முந்தைய ஓனர்கள் எல்லாரும் ஆண்டுக்கணக்கில் ஊற்றியது எங்கள் ஊர் போர்த் தண்ணி. இந்தத் தண்ணியில் பருப்பே வேகாது. உப்பு படிந்து படிந்து டியூப்பெல்லாம் அடைத்துக் கிடக்கும். வெளியே பார்த்தால் ரேடியேட்டர் பளபளவென்று இருக்கும், ஏனென்றால் எஸ்டீம்காரர் அதற்குப் பெயின்ட் அடித்திருப்பார். பிறகென்ன, ஹெட் கேஸ்கெட் போகும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் டீ நிறத்தில் கொழகொழவென்று நிற்கும்.

வீட்டுக்கு வருவது எப்படி? இங்கேதான் அப்பா உள்ளே வருகிறார். கேரளாவுக்கு முட்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிகள் அந்தப் பக்கமாகத்தான் வரும். ஒரு போன் போடுவார். மண்மேட்டில் லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு, நாலு பேர் தள்ளிக் காரை ஏற்றிவிடுவார்கள். வாடகைப் பேரத்தை அப்பாவே முடித்துவிடுவார், மகனுக்காகவாவது குறைத்துப் பேச மாட்டாரா என்றால் மாட்டார். டிரைவருக்கு ரிட்டர்ன் லோடு கிடைத்த சந்தோஷம், அப்பாவுக்கு அந்தக் கார் ஒரு வழியாக ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட சந்தோஷம்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். இந்த மனிதருக்குக் கார் ஓட்டுவதில் அவ்வளவு ஆசை இல்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்கள், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் வந்த தடம், 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் என்று பேசுவதெல்லாம் ஒப்புக்குத்தான். முகத்தில் களை வருவது, லாரியிலிருந்து கார் பட்டறை வாசலில் இறங்கும்போது. அதற்கப்புறம் மூன்று மாசத்துக்குப் பேச விஷயம் இருக்கிறதே!

பட்டறைக்காரர் லாரி மெக்கானிக். போன வேகத்தில் தீர்ப்பு சொல்லிவிடுவார்: “தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டுரலாம் தம்பி.”

“அண்ணா, எஞ்சின் எம்பது டிகிரிக்கு மேல சூடாகி நின்னாத்தான் நல்லதுண்ணா. அதுக்குத்தான் அந்த வால்வே.”

“அது ஜப்பான்காரன் அவன் ஊரு பனிக்கு வெச்சது. நம்மூரு வெயிலுக்கு எதுக்கு?”

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மெக்கானிக் கழற்றுவார், இவர் புதிது வாங்கி வந்து மாட்டச் சொல்வார். பட்டறை ஜன்னலில் தெர்மோஸ்டாட்டுகள் வரிசையாக இருக்கின்றன.

ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டதும் இருவரும் சமாதானமாகிவிடுவார்கள். மெக்கானிக் அடிப்பரப்பைச் சுரண்டி, டீசலில் துடைத்து, இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைப்பார். பையன் பின்னால் டார்ச் அடிப்பான். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் ஹெட் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம். எஸ்டீம்காரர் ஃபீலர் கேஜை விரித்து, 0.05 மில்லிமீட்டர் தகட்டை மூச்சை அடக்கிக்கொண்டு நுழைப்பார். அது வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த தகடும் போகும். அதற்கடுத்ததும் போகும். அலுமினிய ஹெட் சூட்டுக்குத் தாங்காது, லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பண்ண வேண்டியதுதான். “ரொம்பச் செதுக்கிடாதீங்கண்ணா” என்று ஹெட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போவார். தன் பிள்ளையைத் தடுப்பூசிக்குக்கூட அவர் அப்படித் தூக்கிப் போனதில்லை என்பது மனைவியின் வாக்குமூலம்.

கேஸ்கெட் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரும். “நைட் பஸ்ஸுல போட்டுர்றோம்” என்று பஸ் நம்பரும் கண்டக்டர் நம்பரும் வாட்ஸப்பில் வரும். விடியக்காலையில் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிப் பிரித்தால், வேறு வருஷத்து மாடலுக்கானது. திரும்ப அதே பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்.

ஹெட் போல்ட் முறுக்குகிற நாளுக்கென்றே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வைத்திருக்கிறார். அதை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள் மெக்கானிக் சாதா ரெஞ்சில் பத்து போல்ட்டையும் முறுக்கி முடித்திருப்பார். இவர் பதறிப்போய் ஒவ்வொன்றாகச் சோதிப்பார். வைத்த மாத்திரத்தில், அளவு எட்டிவிட்டது என்று ரெஞ்ச் சொல்லும் ‘டக்’. அடுத்ததும் ‘டக்’. பத்தில் ஒன்றுகூட லூஸாக இருக்காது. அன்று முழுக்க எஸ்டீம்காரர் யாரிடமும் பேசமாட்டார்.

அடுத்த முறை பிரேக் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும். பழைய ஆயில் சூட்டில் கொதித்து, மிதித்தால் பெடல் தரையைத் தொடும். அதற்கடுத்த முறை நீளமான வளைவில் சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, பேரிங் கத்தும். இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டுவிடாதீர்கள். பாலிசியில் ரேஸுக்கும் வேகப் பரிசோதனைக்கும் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் இருப்பதை இந்த ஜில்லாவில் முழுசாகப் படித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

போன தடவை மெக்கானிக்கையும் கூடவே அழைத்துப் போனார். மெக்கானிக் கைலியோடு வந்து, சுற்றுகிற கார்களை அரை மணி நேரம் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் போனார். அங்கே பெரிய பெரிய சீமைக் கார்கள் எல்லாம் பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டபடி நிற்கின்றன. சொந்தக்காரர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். “நான் ஒரு கை பாக்கட்டுங்களா சார்?” என்று கேட்டவர், சாயங்காலம்வரை எஸ்டீம் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் முட்டை லாரிகளில் இரண்டு கார்கள் வந்து இறங்கின. வாடகை பேசியது அப்பா. எஸ்டீமை வேப்பமரத்தடிக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அவற்றை நிறுத்தியிருந்தார்கள்.

“அண்ணா, நம்ம வண்டி?”

“இருங்க தம்பி. நீங்க நம்மூட்டுப் பையன். அவங்கெல்லாம் பில்லுக்குப் பேரம் பேசாதவங்க.”