நிழல் பக்கம் எது?

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் பஸ் ஏறுகிறவர்கள் எல்லாரும் அரை ஜோசியர்கள். வண்டி எந்தத் திசையில் போகும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று படியில் நின்றபடியே கணித்து, நிழல் பக்கத்து ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டுவிடுகிறார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குக் காலையில் கிளம்பினால் வலப்பக்கம்; மாலையில் என்றால் இடப்பக்கம். நடுப்பகலில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. சூரியன் உச்சியில் நின்று கூரைத் தகரத்தைக் காய்ச்சும்போது எல்லாச் சீட்டும் ஒன்றுதான்.

சென்னை மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு இந்த ஜோசியம் பலிப்பதில்லை. அவர்களுக்கு இடப்பக்கம் என்று முன்பே விதித்தாகிவிட்டது. பாரிமுனையில் குடியிருந்து தாம்பரத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் வெயில் பக்கம்தான். தாம்பரத்தில் குடியிருந்து பாரிமுனைக்கு வேலைக்கு வருபவருக்கோ இரண்டு வேளையும் நிழல். வீடு பிடித்துத் தரும் தரகர் எவரும் இதைச் சொல்வதில்லை.

அடுத்த வழக்கு ஜன்னல் கண்ணாடி. முன் சீட்டுக்காரர் பின்னால் தள்ளினால் அது பின் சீட்டுக்காரர் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அவர் முன்னால் தள்ளுவார். விழுப்புரம் வருவதற்குள் கண்ணாடி நாலைந்து தடவை போய்வந்துவிடும். இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

ஓட்டுநருக்கு இடப்புறமே என்ஜின். தோளில் ஈரத்துண்டு போட்டுக்கொள்கிறார். வண்டியிலேயே விஞ்ஞானத்துக்கு ஒத்த ஏற்பாடு அதுதான்: ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வேலூரின் வறண்ட காற்றில் துண்டு சட்டென்று காயும், உடம்பு குளிரும். சென்னைக் கடற்காற்றில் துண்டும் காயாது, ஆளும் காயமாட்டார்.

ஜன்னலே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. 2012இல் லண்டனில் ஓடத் தொடங்கிய புதிய ரூட்மாஸ்டர் பஸ்ஸில் பயணிகள் திறக்கிற மாதிரி ஜன்னல் வைக்கவில்லை. காற்றைக் குளிர்விக்க ஒரு கருவி மட்டும் இருந்தது. கோடையில் மேல்தளத்தில் வெந்தவர்கள் அதற்கு ‘ரோஸ்ட்மாஸ்டர்’ என்று பெயர் சூட்டினார்கள். 2015இல் சுமார் 20 லட்சம் பவுண்டு செலவில் ஜன்னல் பொருத்துவதென்று முடிவாயிற்று. யாராவது ஒருவர் முன்கூட்டியே விழுப்புரம் பஸ்ஸில் வந்து பார்த்திருக்கலாம்.

வண்டி ஓடுகிறவரை ஜன்னல் போதும். நின்றால்தான் சங்கடம். பஸ் நிலையத்தில் உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். உள்ளே மடித்த தினசரிகள் விசிறியாகின்றன. மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சு ஜன்னல் வழியாக ஏறுகிறது. அந்த நேரத்துக்கு வண்டியை நிழலில் நிறுத்தலாம். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம். இரண்டுக்கும் குளிர்சாதன பஸ் விலை ஆகாது. போக்குவரத்துக் கழகங்கள் அடுத்த சித்திரைக்குள்ளாவது செய்யட்டும்.