விளிம்பில் நிற்றல்: ஒஸ்லோ கடலோரத் தயக்கம் குறித்த ஒரு முதல்நிலை ஆய்வு

சூடேறிய உடம்பு ஒன்று குளிர்நீரின் விளிம்புவரை வந்து, அதில் விழாமல் நிற்கும் நேரத்தைப் பற்றித் தமிழில் இதுவரை தனி நூல் எதுவும் கண்ணில் படவில்லை. கரையேறுதலைப் பற்றி நம் பக்தி இலக்கியம் கசிந்து உருகியிருக்கிறது. இறங்குதலைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் ஒஸ்லோவின் பியோர்விகா. 2008இல் திறந்த ஒபரா மாளிகைக்கும் 2021இல் இடம் மாறி வந்த முங்க் அருங்காட்சியகத்துக்கும் பக்கத்தில், ஃபியோர்டு எனும் குறுகிய கடற்கழியில் சவுனா எனும் மரச் சூட்டறைகள் மிதக்கின்றன. உள்ளே சுமார் 80 பாகை. வெளியே தண்ணீர், சனவரி பெப்ரவரியில், 5 பாகைக்கும் கீழே. இடையில் சில எட்டு நீளத்தில் ஒரு பலகை. ஆய்வாளர், களத்தின் இயல்பைக் குலைக்கக் கூடாது என்ற நெறிக்குக் கட்டுப்பட்டு, சவுனாவுக்குள் இருந்தபடியே கண்ணாடி வழியாகத் தரவு திரட்டினார்.

பலகையில் நிற்போர் பலவகையினர். இடுப்பில் ஏற்கெனவே சரியாக இருக்கும் துவாயை மறுபடி சரிசெய்பவர் ஒருவகை. பெருவிரலால் நீரைத் தொட்டு, எதிர்பார்த்ததையே கண்டு அதிர்பவர் இன்னொரு வகை. இவ்விரு வகையினரும் ஆராய்ச்சிக்கு எளிதானவர்கள். சிக்கலானவர் எண்ணுபவர். நம் ஊர்க்காரர் ஒருவர் எண்ணியது இது: “ஒண்டு, ரெண்டு, ரெண்டேகால், ரெண்டரை...” பின்னால் நின்ற இளைஞன் பொறுமை இழந்து, “அண்ணை, யோசிக்காதேங்கோ, குதியுங்கோ” என்றான். “பொறு தம்பி, நான் இப்ப யோசிக்கேல்லை, ஆயத்தப்படுறன்” என்று பதில் வந்தது. இந்த ஆய்வு முழுவதும் அந்த ஆயத்தத்தைப் பற்றியதுதான்.

ஆயத்தத்தில் என்ன கிடைக்கிறது? தண்ணீர் குளிரும் என்பது வீட்டை விட்டுப் புறப்படும்போதே தெரிந்த செய்தி. பலகையில் நிற்பதால் அதற்குமேல் ஒரு தகவலும் சேர்வதில்லை. போவது மட்டும் ஒன்று உண்டு: சவுனாவில் சிரமப்பட்டு ஏற்றிய சூடு. குதிப்பதற்கு இருக்கும் ஒரே முதல் அதுதான். அதைச் செலவழித்துத்தான் மனிதர் யோசிக்கிறார். யோசித்து முடிக்கும்போது குதிக்க வேண்டிய காரணம் அப்படியே இருக்கும். குதிக்கக்கூடிய உடம்பு இருக்காது. இதை நாமே ஒரு நூற்பாவாக யாத்தோம்:

சூடுடை யாக்கையன் விளிம்பிடை நிற்பினும்
கூடுதல் இன்றே நீரிடை வெம்மை.

‘நிற்பினும்’ என்ற உம்மையால், தொட்டுப் பார்ப்பினும், துவாயைத் திருத்தினும், வானிலை பற்றிப் பேசினும் என்பனவும் கொள்ளப்படும்.

வள்ளுவரைத் துணைக்கு அழைக்கும் தயக்கக்காரர்களும் உண்டு. தெரிந்துசெயல்வகை 47ஆம் அதிகாரம். அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வரிசையாக நிற்பதற்கு வாகான தலைப்புகள். வினைத்திட்பம் வருவதோ 67இல். நடுவில் உள்ள தூரத்தில்தான் பாதிப்பேர் விறைத்துப் போகிறார்கள். (உரையாசிரியர்கள் யாரும் இதைக் கவனிக்காததற்கு தமிழகத்தின் தட்பவெப்பமே காரணமாகலாம்.)

உடலியலும் நம் பக்கமே பேசுகிறது. குளிர்நீரில் விழுந்ததும் மூச்சு தாறுமாறாக இழுக்கும். முதல் நிமிடம்தான் கொடுமை, ஓரிரு நிமிடங்களில் அது தணியும். கரையில் நின்று படும் வேதனைக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. இதய நோயுள்ளவர்களும் தலைகீழாகப் பாய நினைப்பவர்களும் இக்கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அவர்கள் விஷயத்தில் தயக்கம் அறிவு.

முன்னோர் சான்றுகளைத் தேடி ஒஸ்லோவின் பிக்டோய்க்குப் போனோம். அங்கே கொன்-டிக்கி தெப்பத்தை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பால்சா மரத் தெப்பம் ஊறி மூழ்கிவிடும் என்று அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருக்க, நோர்வேக்காரர் தோர் ஹெயர்டால் ஐந்து பேருடனும் ஒரு கிளியுடனும் 1947 ஏப்ரலில் பெருவிலிருந்து கிளம்பினார். 101 நாளில் பொலினீசியாவின் ராரோயா பவளத்திட்டில் போய் மோதினார். இத்தனைக்கும் சிறுவயது முதலே தண்ணீரென்றால் அஞ்சியவர். ஆனால் தென்னமெரிக்காவிலிருந்தே பொலினீசியாவில் மனிதர் குடியேறினர் என்ற அவருடைய கொள்கையை ஆய்வுலகம் ஏற்கவில்லை; அம்மக்களின் வேர் ஆசியப் பக்கம்தான். தெப்பம் கரைசேர்ந்தது, கொள்கை சேரவில்லை. உட்கார்ந்தே இருந்த பேராசிரியர்கள் சரி, போனவர் தவறு. ஆயினும் அருங்காட்சியகம் அவருக்குத்தான்.

பக்கத்துக் கட்டடத்தில், நோர்வேக்காரர் அமுண்ட்சன் தென்துருவப் பயணத்துக்குக் கொண்டுபோன ஃபிராம் கப்பல். அமுண்ட்சனை ‘யோசிக்காமல் இறங்கியவர்’ அணியில் சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டியாளரான ஆங்கிலேயர் ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பதற்றத்தில் 1911 செப்டம்பர் 8ஆம் நாளே தென்துருவத்துக்குக் கிளம்பியவர், குளிர் தாங்காமல் முகாமுக்குத் திரும்பினார். ஒக்டோபரில் மீண்டும் புறப்பட்டு டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தார். இடைப்பட்ட வாரங்களை அவர் துவாயைத் திருத்துவதில் கழிக்கவில்லை. சப்பாத்துகளைத் திருத்தும் வேலை நடந்தது. எங்கள் பலகைக்காரரின் ‘ஆயத்தம்’ இந்த வகையில் அடங்காது.

முங்க் வரைந்த ‘அலறல்’ ஓவியத்தின் பின்னணியும் இதே ஃபியோர்டுதான். அந்த உருவம் அலறவில்லை, எங்கிருந்தோ வரும் அலறலைக் கேட்டுக் காதைப் பொத்துகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. எவர் குதித்தபோது எழுந்த அலறல் என்பது மேலாய்வுக்குரியது.

இறுதியாக, தரவிலிருந்து நீக்கப்பட்டவர்கள் பற்றி ஒரு குறிப்பு. எழுபது வயதைத் தாண்டிய நோர்வேப் பாட்டிமார் சிலர், கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே, பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசியபடி ஏணியில் இறங்கி நீந்துகிறார்கள். பேச்சு அறுவதில்லை. விளிம்பில் அவர்கள் நின்ற நேரம் சுழியம் என்பதால் நம் சராசரியைக் கெடுத்தார்கள், முறைப்படி நீக்கிவிட்டோம். காரணம் கேட்டறிய வினாத்தாளுடன் கதவு வரை போனோம். பதில் சொல்ல அவர்கள் நிற்கவில்லை.