முதல் எபிசோட் நீதிபதி

தென்கிழக்கு ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டு கொல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சியில் குடியிருக்கும் தமிழர்களிடையே இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். உத்தியோகம் ரயில்வேயில், தொழில் தீர்ப்பு சொல்வது. எல்லா விஷயத்துக்கும் சொல்ல மாட்டார். புதிதாக யாராவது எதையாவது ஆரம்பிக்கும் முதல் நாளுக்கு மட்டும்தான். இரண்டாம் நாள் அவருடைய அதிகார எல்லைக்குள் வராது.

குளிர்காலம் நெருங்கும்போது சாந்த்ராகாச்சி ஏரியில் ஆகாயத்தாமரையை அள்ளுவார்கள். மொத்தமாக வழித்துவிடாமல், பறவைகள் உட்கார ஆங்காங்கே திட்டுத்திட்டாக விட்டுவைப்பார்கள். சீழ்க்கைச் சிறகிகளின் முதல் கூட்டம் வந்து இறங்கிய காலையில் இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையில் நிற்பார். "இந்த வருஷம் பறவை தேறாது." ஜனவரியில் திட்டெல்லாம் பறவையாகி, கேமராவும் கையுமாக ஊரே கரையில் கூடும்போது, ஆளை அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது.

ஆனாலும் பறவையெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. நிபுணத்துவம் என்றால் அது டி.வி. தொகுப்பாளர்களில்தான்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. துர்கா பூஜைக்குப் பந்தல் எழும்பி, தெருவெல்லாம் சீரியல் விளக்கு. 2017 முதல் ஏழு சீசன் பிக் பாஸை நடத்திய கமல்ஹாசன் ஒதுங்கிக்கொள்ள, விஜய் சேதுபதி முதன்முறையாக அந்த மேடைக்கு வருகிறார்.

நீதிபதி தயார். மடியில் ஒரு கிண்ணம் பொரி. ஊர் வழக்கப்படி அதில் கடுகெண்ணெய், பச்சை மிளகாய், நறுக்கிய வெங்காயம். காதில் போன், மறுமுனையில் திருச்சியிலிருந்து மச்சினன்.

"கமல் மாதிரி வராது மாப்ளே."

"அத்தான், இன்னும் முதல் ஆளே வீட்டுக்குள்ள போகல."

"போகணுமா? நிக்கிறதைப் பாத்தாலே தெரியுதே!"

அன்று மொத்தம் 18 போட்டியாளர்கள் உள்ளே போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வெளிவந்தபோது பொரியில் உப்புகூட இறங்கியிருக்கவில்லை. வீட்டம்மாவுக்கு மட்டும் பழைய வழக்கு ஒன்று நினைவிருந்தது. 2017 ஜூன் 25 அன்று, கமலின் முதல் எபிசோட் ஓடும்போது, "இவருக்கு எதுக்கு இந்த வேலை? மாசம் தாண்டாது" என்று சொன்னதும் இதே வாய்தான். "அது வேற" என்றார் நீதிபதி. இந்த நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒரே சட்டப்பிரிவு அதுதான்.

அவரிடம் சர்வதேச முன்மாதிரியும் ஒன்று உண்டு. 1993 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, நகைச்சுவை நடிகர் செவி சேஸை இரவு நேரப் பேட்டி நிகழ்ச்சியில் இறக்கியது. பெரிய நட்சத்திரம், பெரிய அரங்கு. முதல் இரவே முகம் வேர்த்தது. ஆறு வாரத்துக்குள் கடையைக் கட்டினார்கள். "பாத்தியா, முதல் நாளே தெரிஞ்சிருச்சு." நியாயமாகச் சொன்னால், இந்த ஒரு வழக்கில் அவர் பக்கம்தான் நியாயம்.

இவர் சொல்லாமல் விடுவது அதே மாதம் 13-ஆம் தேதி நடந்ததை. இன்னொரு இரவுப் பேட்டி நிகழ்ச்சியில் டேவிட் லெட்டர்மேன் விட்டுப்போன நாற்காலியில், 'சிம்ப்ஸன்ஸ்' தொடருக்கு எழுதிக்கொண்டிருந்த கோனன் ஓ'பிரையனை என்.பி.சி. உட்கார வைத்தது. பெயர் கேட்டால் யார் என்று திருப்பிக் கேட்கும் நிலை. முதல் எபிசோடின் முதல் காட்சியிலேயே தன்னைத்தானே கிண்டல் செய்தார்: சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்கு நடக்கிறார், வழியில் பார்ப்பவரெல்லாம் "லெட்டர்மேன் அளவுக்கு இருந்தால் நல்லது" என்று எச்சரிக்கிறார்கள், அறைக்குள் போனவர் விசிலடித்தபடியே கழுத்துக்குச் சுருக்குக் கயிற்றை மாட்டிக்கொள்கிறார். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டின. ஒரு கட்டத்தில் 13 வாரம், 13 வாரமாகத்தான் சேனல் ஆயுளை நீட்டியது. அப்படியே அந்த நிகழ்ச்சியில் 2009 வரை ஓட்டிவிட்டார்.

இந்தியாவிலும் கதை அதுதான். 1997-இல் சோனியில் 'மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ்' தொடங்கிய சேகர் சுமனை, அமெரிக்கத் தொகுப்பாளர் ஜே லெனோவின் நகல் என்றார்கள். நகலோ அசலோ, லாலு பிரசாத் குரலில் அவர் பேசுவதைக் கேட்கவே ஜனங்கள் தூக்கத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

நீதிபதிக்கு எதிராக மேல்முறையீடு நடக்கும் ஒரே இடம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பெஞ்சு. மண் குவளையில் டீ. எதிரே வங்காளி சகா. கிரிக்கெட்காரருக்கு மேடையில் என்ன வேலை என்ற பேச்சு, 2009-இல் ஜீ பாங்ளாவில் சௌரவ் கங்குலி 'தாதாகிரி' வினாடி வினாவைத் தொடங்கியபோதும் எழுந்ததுதான். இடையில் ஒரு சீசனுக்கு மிதுன் சக்ரவர்த்தி வந்தார்; பிறகு மறுபடி சௌரவ்.

"தாதா, ஒரு கணக்கு சொல்றேன்" என்று ஆரம்பிப்பார் சகா. 1992 ஜனவரியில் பிரிஸ்பேனில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக சௌரவ் முதல் சர்வதேச ஆட்டம் ஆடினார். எடுத்தது 3 ரன். அப்புறம் நாலு வருஷம் கூப்பிடவே இல்லை. 1996 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட், 131. "முதல் எபிசோடைப் பார்த்து முடிவு கட்டியிருந்தால் எங்களுக்கு மிஞ்சியிருப்பது அந்த மூணு ரன்தான்."

"அது கிரிக்கெட். வேற" என்பார் நீதிபதி, குவளையைத் தொட்டியில் வீசியபடி.

முதல் இரவில் தொகுப்பாளர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பது உண்மைதான். எந்த கேமரா தன்னைப் பார்க்கிறது, காதுக்குள் யார் என்ன சொல்கிறார், விளம்பரத்துக்கு எத்தனை விநாடி என்ற கவலைகளுக்கு நடுவே ஜோக்கும் சொல்ல வேண்டும். தன் பெண் கல்யாண வரவேற்பில் மைக் பிடித்து இரண்டு வாக்கியம் பேசும்போது நீதிபதிக்கே முழங்கால் ஆடியதாக மச்சினன் தரப்புச் சாட்சியம் இருக்கிறது. முதல் நாள், முதல் பேச்சு. அது மட்டும் அவர் விசாரணைக்கு எடுக்காத வழக்கு.

2025 அக்டோபர் 5. ஒன்பதாவது சீசன், மேடையில் மறுபடி விஜய் சேதுபதி. பொரி கிண்ணம் நிறைந்தது, போன் அடித்தது.

"எப்படி அத்தான்?"

நீதிபதி ஒரு பச்சை மிளகாயைக் கடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "என்னத்தைச் சொல்ல மாப்ளே! போன வருஷம் முதல் எபிசோட்ல என்னமா பண்ணாரு. அது மாதிரி வரல."