எட்டாவது போல்ட்

கிள்ளையிலிருந்து ரயிலேறிப் போய், கடலூர் சிப்காட்டில் சால்வென்ட் புழங்கும் ஓர் ஆலையில் எலெக்ட்ரீஷியனாகக் குப்பை கொட்டியவன் நான். அங்கே சுவிட்ச், மோட்டார், விளக்கு எல்லாமே 'எஃப்எல்பி'. ஃப்ளேம்ப்ரூஃப் என்றால் நெருப்பு அண்டாத பெட்டி என்று சேர்ந்த புதிதில் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, ஹெல்பர் பையன்களுக்குப் பாடமும் எடுத்தேன்.

விஷயம் நேர்மாறு. சால்வென்ட் ஆவி பெட்டிக்குள் போகும். பொறி பட்டால் உள்ளேயே வெடிக்கும். கனத்த வார்ப்புப் பெட்டி அதைத் தாங்கிக்கொள்ளும். மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பில் மயிரிழை இடுக்கு. அதன் வழியே தீ வெளியேறுவதற்குள் உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பிவலையால் மூடியதும் இதே சூட்சுமத்தில்தான்.

ஆக, அந்த விளிம்பில் கை வைக்கக் கூடாது. நான் வைத்தேன். துருவாக இருக்கிறதே என்று உப்புத்தாளால் தேய்தேயென்று தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன். சூப்பர்வைசர் ஒன்றும் பேசாமல், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை இடுக்கில் செருகினார். நுழையக் கூடாத தகடு, மாமியார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளை மாதிரி உள்ளே போனது. மூடி பழைய இரும்புக்குப் போனது.

போல்ட் கதை அதைவிடக் கேவலம். எட்டு போல்ட் மூடிக்கு ஏழைப் போட்டு முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். தன்பாத் சுரங்க ஆய்வகம் போன்ற இடத்தில் வெடிக்க வைத்துச் சோதித்து, நாக்பூரில் இருக்கும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அனுமதி கொடுப்பது எட்டு போல்ட்டும் இருக்கிற பெட்டிக்கு. ஏழு போட்டால் அது வெறும் இரும்பு டப்பா. எட்டாவது என் சட்டைப்பையில் இருந்தது.

வீட்டில் ஒருநாள் கேஸ் வாடை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படரும், காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே பற்றும் என்று தெருவுக்கே வகுப்பெடுத்தவன், ஓடிப்போய் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சில் கை வைத்தேன்.

"ஏங்க, கைய எடுங்க!"

மனைவி ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, என்னையும் வாசலுக்குத் தள்ளினாள்.

செய்தி மைத்துனன் ஊரான முடசலோடைக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. படகு எஞ்சினுக்கான பெட்ரோல் கேன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி இழுத்த மைத்துனனிடம் ஆவி, பொறி என்று ஆரம்பித்தேன்.

"மாமா, ஃபேனு சுவிட்ச போட்டுட்டீங்களாமே?" என்றான்.

ஆனாலும் மரியாதை தெரிந்தவன். நான் சொன்னதற்காகப் பீடியை உடனே அணைத்தான், கேன் மூடியில் தேய்த்து.