டாக்டர் எழுதிக்கொடுத்த சோறு

எங்கள் வீட்டில் இரண்டு பத்தியக்காரர்கள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, எனக்கு சீலியாக். "சோத்தைக் குறைங்க, ராத்திரிக்குச் சப்பாத்தி" என்று அவருடைய டாக்டர் சொல்லியிருக்கிறார். "சப்பாத்தியைத் தொடவே கூடாது, சோறு சாப்பிடுங்க" என்பது என் டாக்டரின் உத்தரவு. இருவர் சொன்னதும் சரிதான் என்பதால் சண்டை போடவும் வழியில்லை. அவர் சப்பாத்தி தேய்க்க உட்கார்ந்தால் மாவு பறக்கும். நான் சோற்றுப் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடிவிடுவேன்.

கோதுமை, பார்லி, ரை இவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். குடலின் உள்பக்கம் மழுங்கிப்போய்ச் சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. இதுதான் சீலியாக். எனக்கு ரத்தசோகை என்று சொல்லி வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு புண்ணியவான் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி என்று பார்த்துவிட்டுச் சொன்னார். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம். வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். எந்தக் குலுக்கலிலும் ஒரு டிபன் டப்பாகூட விழாத எனக்கு இது விழுந்தது.

"சோறு திங்கிற ஊர்ல உனக்கென்னடி கஷ்டம்?" என்பாள் சித்தி. கஷ்டம் பெருங்காயத்தில் இருக்கிறது. அசல் பெருங்காயம் ஒரு செடியின் பிசின். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிறது. அதன் நெடியை யாராலும் தாங்க முடியாது. அதனால் மைதாவோ கோதுமை மாவோ கோந்தோ கலந்துதான் பெரும்பாலும் டப்பியில் அடைக்கிறார்கள். சந்தேகமிருந்தால் டப்பியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, தேடினால்.

இப்போது கல்யாணப் பந்திக்கு வாருங்கள். சாம்பாரில் பெருங்காயம். ரசத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வடை, அப்பளம், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது உண்டு. கடைசியில் மோராவது குடிக்கலாம் என்றால், அதிலும் மணக்க மணக்கத் தாளித்திருப்பார்கள். அல்வாவோ கோதுமைப் பால், பாயசத்தில் சேமியா. இலையில் எனக்கென்று மிஞ்சுவது வெறும் சோறு, நெய், உப்பு, ஒரு வாழைப்பழம். பக்கத்து இலைக்கார அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்டுக்காரங்க மேல ஏதாச்சும் வருத்தமா?" என்று காதோடு கேட்டார்.

அந்த வாழைப்பழத்துக்கும் ஒரு கதை உண்டு. 1924-இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். பிள்ளைகள் தேறினார்கள். எல்லாம் பழத்தின் மகிமை என்று உலகம் நம்பியது. பழத்தைக் கொடுத்தபோது ரொட்டியை நிறுத்தியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குற்றவாளி கோதுமைதான் என்று நெதர்லாந்து மருத்துவர் வில்லம் டிக்கே ஆய்வேடு எழுதி நிறுவியது 1950-இல். அதுவரை பழத்துக்குத்தான் நல்ல பெயர்.

ஹோட்டலில் இன்னொரு கூத்து. "கோதுமை இல்லாம என்ன இருக்கு?" என்றால், யோசிக்காமல் வரும் பதில், "ரவா தோசை போடட்டுமா மேடம்?" ரவை என்ன, ரவைச் செடியிலா காய்க்கிறது? மைதாவும் சேமியாவும்கூட இப்படித்தான் பிறந்த வீட்டை மறைத்துத் திரிகின்றன. சரி, சாதா தோசை என்றால் அதே கல்லில்தான் சற்றுமுன் பரோட்டா புரண்டிருக்கும். பத்திரமானது இட்லி. ஆனால் சாம்பார், சட்னி இரண்டிலும் வில்லன் இருப்பதால், இந்த வயதில் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்கிறேன். எதிரே உட்கார்ந்து அதை ஏக்கத்தோடு பார்க்கிற வீட்டுக்காரருக்குத்தான் தண்டனை.

சரி, கேழ்வரகு இருக்கிறதே, பாவம், அது ஒரு துரோகமும் செய்யாத தானியம் என்று மாவு மில்லுக்குப் போனேன். மிளகாய்க்குத் தனி மிஷின் உண்டு. சீயக்காய்க்கும் உண்டு. கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் மட்டும் ஒரே மிஷின். கோதுமை அரைத்த மிஷினில் வேண்டாம் என்றேன். "அக்கா, நல்லா தட்டி விட்டுட்டேன்" என்று மில்காரத் தம்பி மிஷினை இரண்டு தட்டுத் தட்டினான். வெள்ளையாக ஒரு புகை எழும்பியது. "கொஞ்சம் கோதுமை சேர்ந்தா களி நல்லா வரும்க்கா" என்று ஆறுதலும் சொன்னான். இந்திய விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. அந்தப் புகையை அளந்து பார்க்க என்னிடம் தராசு இல்லை. ஒரு சின்ன மிக்சி வாங்கிக்கொண்டேன்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். வைர மோதிரமெல்லாம் போட்டுச் சம்பந்தி உபசாரம் செய்கிறீர்கள். சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, பெருங்காயம் போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் ரசம் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மொய் கூடவே எழுதுகிறேன்.